குப்பம்மா இல்லாத பெயர்ச் செயலி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ், பாதி வருமானம் ஆன்லைன் விண்ணப்பங்களில் வருகிறது. அதிலும் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்கிற வேலை அடிக்கடி வரும். பதிவான ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சிக்கல் என்னவென்றால், கவுன்டரில் வந்து நின்ற பிறகுதான் பல வீடுகளில் சண்டையே ஆரம்பிக்கும். மாமியார் ஒரு பெயர் சொல்வார், மருமகள் ஒரு பெயர் சொல்வார், ஜோசியர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் வேறொன்று இருக்கும்.

சரி, ஏதாவது பார்த்து முடிவு பண்ணட்டும் என்று ஒரு குழந்தைப் பெயர்ச் செயலிக்குச் சந்தா கட்டி, கடையில் இருக்கும் டேப்லெட்டில் போட்டு வைத்தேன். வருஷத்துக்கு 299 ரூபாய். உலகப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தமும் பூர்வீகமும் சொல்லும், நட்சத்திரத்துக்கு எழுத்துச் சொல்லும், தமிழிலும் ஓடும். செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு?

முதலில் நல்லது. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களை மொழி வாரியாகப் பிரித்துக் காட்டுவதில் இது கெட்டி. மண்ணடிப் பக்கமிருந்து வந்த ஒரு தம்பதி 'ரய்யான்' கேட்டார்கள். அது அரபி; நோன்பு வைத்தவர்கள் சொர்க்கத்துக்குள் நுழையும் வாசலின் பெயர். கேட்க நன்றாயிருக்கிறதே என்று 'ரயன்' கேட்ட மூலக்கடைத் தம்பிக்கு அதே திரையில் அயர்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்று வந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரை அடிப்படை ஆவணம். அந்த ஓரிரு எழுத்தைப் பார்த்துப் போடுவது நல்லது.

பர்மாப் பகுதியும் நன்றாகவே இருக்கிறது. பர்மா பஜார் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வைத்திருக்கும் ரங்கூன் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். பிறந்த கிழமையைப் பார்த்து முதலெழுத்து வைப்பார்கள், குடும்பப் பெயர் என்பது கிடையாது என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, "இது கரெக்ட்டுதாம்பா" என்றார். ஆங் சான் சூ கீ பெயரில் அப்பா பெயர், அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர், அம்மா பெயர் மூன்றும் கலந்திருக்கிறது என்பதையும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. ஐஸ்லாந்தில் ஜான் என்பவரின் மகள் 'ஜான்ஸ்டோட்டிர்', அங்கே டெலிபோன் டைரக்டரியே சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது என்கிறது. அட, நம்ம இனிஷியல் மாதிரிதானே!

ஆனால் இவ்வளவும் தெரிந்த செயலி, பிடித்த பெயர்களைச் சேமிக்கப் போனால் 'லாஸ்ட் நேம்' கேட்கிறது. காலியாக விட்டால் நகர மாட்டேன் என்கிறது. ஐஸ்லாந்துக்காரனுக்குக் குடும்பப் பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டைக்காரனுக்கு மட்டும் வேண்டுமா? தினமும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

காசிமேட்டிலிருந்து ஓர் ஆயா, கொள்ளுப்பேத்திக்குப் பெயர் சேர்க்கப் பேத்தியோடு வந்திருந்தார். நான் திரையைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எம் பேரப் போடு நைனா, இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். குப்பம்மா என்று தட்டினேன். 'முடிவுகள் இல்லை.' குப்பன், குப்புசாமி, பிச்சை, எதுவுமே இல்லை. ஆயா சிரித்துவிட்டார். "எங்கம்மாவுக்கு எனக்கு முன்ன மூணு தங்கல. என்னைக் குப்பையில போட்டு அப்பால தூக்கியாந்தாங்களாம். குப்பைன்னு எமன் வுட்டுட்டுப் போவான் பாரு." எமனை ஏமாற்ற வைத்த பெயர். பேத்திக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

அவர்கள் போன பிறகு சும்மா தேடிப் பார்த்தேன். மங்கோலியாவில் 'நெர்குய்' என்று ஒரு பெயர், 'பெயரில்லை' என்று அர்த்தம். குழந்தையைத் தேடி வரும் கெட்ட ஆவியைக் குழப்புவதற்கு. நைஜீரியாவின் யோருபா மக்களிடம் 'துரோஜயே', இருந்து வாழ்க்கையை அனுபவி என்று. பிறந்து பிறந்து செத்துப் போகிற குழந்தையை நிறுத்தி வைப்பதற்கு. இரண்டும் செயலியில் இருக்கின்றன, நட்சத்திரக் குறியோடு, 'அரிய பெயர்' என்று. அதே பயத்தில் பிறந்த குப்பம்மாவுக்கு மட்டும் இடமில்லை. கருத்துப் பெட்டியில் எழுதி அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று கணினி பதில் போட்டது.

இதே கதைதான் நம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெயர்களுக்கும். பீட்டர் என்றால் பாறை, கிரேக்கம் என்று சரியாகச் சொல்கிறது. அந்தப் பீட்டரைத்தான் நம்மவர்கள் ராயப்பர் என்றார்கள், ராயபுரமே அவர் பெயரில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. லத்தீனில் பால் என்றால் சின்னவர், அதனால் சின்னப்பர். ஜான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருப்பதால் அருளப்பர். வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போய், தேம்பாவணியில் ஜோசப்பை வளன் ஆக்கினார். இவ்வளவு சரக்கு நம்மிடம் இருந்தும் செயலி இந்தப் பெயர்களை விட்டுவிட்டது.

இருக்கிற பெயர்களிலும் எல்லாவற்றையும் நம்ப முடியாது. 'அப்துல்' என்பதைத் தனிப் பெயராகப் போட்டு 'அடிமை' என்று நிறுத்திவிடுகிறது. யாருக்கு அடிமை என்று பின்னால் வரும் சொல்தான் சொல்லும். அப்துல் ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடியான். பாதிப் பெயருக்கு அர்த்தம் சொல்லி என்ன பயன்? இப்போதைய பேஷன் பெயர்கள் இன்னும் மோசம். ரியான்ஷ் என்று தட்டினால் 'சூரியனின் முதல் கதிர், சமஸ்கிருதம்' என்று கூசாமல் வருகிறது. சமஸ்கிருத அகராதியில் தேடிப் பாருங்கள்.

நட்சத்திர எழுத்துப் பகுதி வேடிக்கை. பஞ்சாங்கத்தில் திருவாதிரைக்கு கு, க, ங, ச என்று இருக்கும். ங-வை அழுத்தினால் வெள்ளைத் திரைதான். அதில் செயலியைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஜோசியருக்கும் அங்கே வெள்ளைத் திரைதான்.

நியூமராலஜி பொத்தான் பக்கம் போகாதீர்கள். கூட ஒரு 'ஏ' போடு, 'ஹெச்' போடு என்று அது சொல்வதைக் கேட்டுச் சான்றிதழில் ஏற்றிவிட்டு, பிறகு திருத்தத்துக்கு என்னிடமே வந்து நிற்கிறார்கள். எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். வெளிநாட்டுப் பெயர்களைத் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் இலவசப் பதிப்பே போதும். அர்த்தங்கள் எல்லாம் அதிலேயே திறக்கின்றன, விளம்பரம்தான் தொல்லை. காசு கட்டினால் சந்தா அடுத்த வருஷம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். செயலியை அழித்தால் மட்டும் அது நிற்காது. ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். நான் செய்துவிட்டேன்.