பல ஐபி உள்ள சர்வரில் என்எஃப்டேபிள்ஸ்: சில ஆண்டு அனுபவம்

லினக்ஸின் பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸை விட்டு, அதன் இடத்துக்கு வந்த என்எஃப்டேபிள்ஸுக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2014-இல் லினக்ஸ் கெர்னல் 3.13-உடன் வந்தது இது. ஒரே ஐபி உள்ள சர்வருக்கு இரண்டில் எதை வைத்தாலும் ஓடும். பொது முகவரி இரண்டு, உள் நெட்வொர்க்குக்கு ஒன்று, அதற்கு மேல் ஐபிவி6 என்று ஒரே மெஷினில் சேரும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

லினக்ஸில் ஐபி முகவரி மெஷினுக்குச் சொந்தம், நெட்வொர்க் கார்டுக்கு அல்ல. உள் கார்டில் கொடுத்த 10.0.0.5-க்கான பாக்கெட் வெளிக் கார்டு வழியாக வந்தாலும் கெர்னல் வாங்கிக்கொள்ளும். 'டேட்டாபேஸ் உள் ஐபியில்தானே இருக்கிறது' என்று நிம்மதியாக இருக்க முடியாது. வெளிக் கார்டு இருக்கும் அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு மெஷின், நம் பொது ஐபியை கேட்வேயாக வைத்து அந்த முகவரிக்கு அனுப்பினால் போதும், பாக்கெட் உள்ளே வந்துவிடும். அனுப்பியவர் முகவரியைச் சோதிக்கும் கெர்னல் அமைப்பான ஆர்பி ஃபில்டரும் (rp_filter) தடுக்காது. அது பார்ப்பது அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும் வழியை மட்டும்தான். அந்த வழி அதே கார்டில்தான் இருக்கிறது.

என்எஃப்டேபிள்ஸில் இதற்கு ஒரு வரி போதும். பாக்கெட் தேடி வந்த முகவரி, அது நுழைந்த கார்டில் இருக்கிறதா என்று ஃபிப் தேடல் (கெர்னலின் ரூட்டிங் அட்டவணையில் தேடுவது) மூலம் கேட்டு, இல்லையென்றால் டிராப் செய்யலாம். பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் இரண்டையும் விலக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே மாறியது தகும்.

அடுத்து, செட், அதாவது ஒரே விதி பார்த்துக்கொள்ளும் மதிப்புகளின் பட்டியல். ஐபியையும் போர்ட்டையும் ஜோடியாக ஒரே செட்டில் போடலாம்: 192.0.2.10-உடன் 443, 192.0.2.11-உடன் 25, 10.0.0.5-உடன் 5432. விதி ஒன்றே ஒன்றுதான். புது ஐபி வந்தால் செட்டில் ஒரு ஜோடியைச் சேர்த்தால் முடிந்தது. ஐபிவி6-க்குத் தனி செட் வேண்டும், ஆனால் இரண்டையும் ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் பொதுவான ஐநெட் டேபிள் (விதிகளின் தொகுப்பு) ஒன்றிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐபிவி6-இல் பக்கத்து மெஷின்களைக் கண்டுபிடிக்கும் நெய்பர் டிஸ்கவரிக்கான ஐசிஎம்பிவி6 செய்திகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. விதிகள் உள்ள ஃபைல் முழுதாக ஏறும், அல்லது ஒன்றுமே ஏறாது. ஓடும் சர்வரில் ரீலோட் செய்யும்போது இது வரம். தவறு இருந்தால் பழைய விதிகள் அப்படியே நிற்கும். பூட் ஆகும்போது பழைய விதி என்று ஒன்றும் இல்லையே! விதியில் ஒரு விபிஎன் இன்டர்ஃபேஸை ஐஐஎஃப் (iif, இன்டர்ஃபேஸின் எண்ணைப் பார்ப்பது) என்று எழுதியிருந்து, அந்த இன்டர்ஃபேஸ் இன்னும் எழும்பவில்லை என்றால், ஃபைல் ஏறாது, சர்வர் ஃபயர்வாலே இல்லாமல் திறந்து கிடக்கும். ஐஐஎஃப்நேம் (iifname, பெயரைப் பார்ப்பது) என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது. அப்புறம், கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் ஓடும் மெஷினில் ரூல்செட் (எல்லா விதிகளும்) முழுவதையும் ஃபிளஷ் செய்தால், அதாவது அழித்தால், டாக்கரின் விதிகளும் சேர்ந்து போய்விடும். உங்கள் டேபிளை மட்டும் ஃபிளஷ் செய்யுங்கள்.

ஒரு பாக்கெட் எந்த விதிகள் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ் வசதி நன்றாக இருக்கிறது. பிரீரௌட்டிங்கில் (வழி தீர்மானிக்கும் முன்) தெரியும் பாக்கெட் இன்புட்டில் (மெஷினுக்கே வரும் கட்டத்தில்) காணவில்லை என்றால், விதிகளைக் குடைவதற்கு முன் ஆர்பி ஃபில்டரைப் பாருங்கள். இரண்டு அப்லிங்க் (வெளி இணைப்பு) உள்ள சர்வரில் அதன் மதிப்பு 1 (கண்டிப்பான சோதனை) என்றால், பதில் வேறு வழியாகத் திரும்பவேண்டிய பாக்கெட்டை அது சத்தமில்லாமல் கழித்துவிடும். பொது மதிப்பு, கார்டின் தனி மதிப்பு இரண்டில் பெரியதுதான் செல்லும். பொது மதிப்பு 1 ஆக இருக்கும்போது கார்டில் 0 வைத்துப் பயனில்லை. 2 (தளர்வான சோதனை) வைக்க வேண்டும்.