14 பிளக்குகள்: நான்கு ஆண்டுப் பெடல்போர்டு அனுபவம்

கோயில் கொடைத் திருவிழாவில் வாசித்து முடித்து வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே பெடல்போர்டை, அதாவது கிடார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களை அடுக்கிய சட்டத்தை, கூடத்துத் தரையில் கவிழ்த்துப் போட்டு, பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் 7 பேட்ச் கேபிள்களையும் உருவி எடுத்துவிட்டேன். சாலிடரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் புதிதாகக் கிடார் வாசிக்கிறான். "அண்ணே, பற்றவைக்கவே வேண்டாம் என்று ஒரு கேபிள் கிட் வைத்திருக்கிறீர்களே, அதையே நானும் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். வாங்காதே என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அது கோபத்தில் சொன்னது. இரண்டு வாரம் போய்விட்டது. நான்கு ஆண்டு உடனிருந்த பொருளுக்கு ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் போர்டு 60 செ.மீ. அகலமுள்ள அலுமினியச் சட்டம். அதில் 8 பெடல்கள். வலது ஓரத்தில் வா பெடல், முன்வரிசையில் ட்யூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், பின்வரிசையில் கோரஸ், டிலே, ரிவெர்ப். கோயில் கொடை மேடைகளில் கிடாருக்கென்று ஆம்ப் வைக்க இடம் கிடைப்பதில்லை. அதனால் ரிவெர்பிலிருந்து ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்வது) உள்ள டிஐ பாக்ஸுக்கும் (கிடார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), அங்கிருந்து நேராக மிக்ஸருக்கும் போகிறேன். சட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே செருகப்பட்டு எத்தனையோ ஊர் போய்வந்திருக்கிறது, ஒரு மூலைகூட வளையவில்லை. வெல்க்ரோ மட்டும் சித்திரை வெயிலில் வேனுக்குள் கிடந்தால் பசை இளகி நகர்ந்துவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் பெடலின் அடிப்பாகத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒரு நாள் பாரம் வைத்து விட்டால் அதுவும் நிற்கிறது.

இந்த நான்கு ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் பவர் சப்ளைதான். அதற்கு முன் ஒரே அடாப்டரிலிருந்து சரம்போலக் கிளை பிரித்து எல்லாப் பெடலுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். டிஸ்டார்ஷனை மிதித்தால் போதும், பாட்டுக்கு அடியில் ஊசிபோல ஒரு கீச்சொலி எழும். ஸ்ட்ரிங்கைக் கையால் பொத்தினாலும் நிற்காது. டிஸ்டார்ஷன் பெடலே கெட்டுவிட்டது என்று நினைத்து அதை விற்கக்கூடப் பார்த்தேன். உண்மையில் அது டிலேயின் வேலை. டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் கடிகாரத் துடிப்பு, பொதுவாக ஓடும் மின்கம்பி வழியாக மற்றப் பெடல்களுக்குள் கசிகிறது. டிஸ்டார்ஷனோ எது உள்ளே வந்தாலும் பல மடங்கு பெருக்கிக் கொடுக்கும். ஒலிக்கம்பியில் டிலே பின்னால்தானே இருக்கிறது என்ற சமாதானம் இங்கே செல்லாது, மின்கம்பியில் முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. மின்சாரம் தரும் ஒவ்வொரு வாயும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே பிரிந்திருக்கும் சப்ளைக்கு மாறிய அன்று, எல்லாவற்றையும் போட்டுவிட்டு டிஸ்டார்ஷனை மிதித்தேன். கீச்சொலியைக் காணவில்லை. வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

தம்பிக்கு இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது ஆம்பியர் கணக்கு. டியூப் ஸ்கிரீமர் ஓவர்டிரைவ் போன்ற அனலாக் பெடலுக்கு 10 மில்லி ஆம்பியர்கூடத் தேவைப்படாது, பெரிய டிஜிட்டல் ரிவெர்ப் ஒன்று 300 கேட்கும். 100 மட்டுமே தரும் வாயில் அதைச் செருகினால் விளக்கு எரியும், பெடல் திணறும். இரண்டாவது துருவம். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடு ஊசி மைனஸ். வீட்டில் வைஃபை ரூட்டருக்கு வரும் அடாப்டரில் பெரும்பாலும் நடுப்பகுதி பிளஸ், வோல்ட்டும் 12. முனை அளவில் கச்சிதமாகப் பொருந்திவிடும், பெடல் போய்விடும்.

பிரிந்த சப்ளை வந்துவிட்டால் எல்லா இரைச்சலும் ஓடிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பந்தல் முழுக்கச் சீரியல் விளக்குக் கட்டியிருக்கும் இடத்தில் சிங்கிள் காயில் பிக்கப் (கிடார் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) முனகத்தான் செய்யும். கிடாரோடு உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றால் முனகல் ஏறி இறங்குவதைக் காதால் கேட்கலாம். அது காற்று வழியே வருவது. மிக்ஸரோடு இணைத்த பிறகு மட்டும் வரும் தடித்த 50 ஹெர்ட்ஸ் ஹம் வேறு, அதற்கு டிஐ பாக்ஸில் ஒலிக்கம்பியின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஹம்முக்குப் பயந்து அடாப்டரின் எர்த் ஊசியை வெட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெனரேட்டர் மேடையில் உலோக மைக்கில் உதடு பட நிற்பவர்கள் அதைக் கனவிலும் செய்யக் கூடாது.

அடுக்கும் வரிசையில் ஒரு வருடம் தடுமாறினேன். நாம் இடமிருந்து வலமாக எழுதிப் பழகியவர்கள், பெடலில் ஒலி வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறும். அது பழகிய பிறகும் ஒரு சிக்கல் இருந்தது: சிக்னலுக்கு ஒரு வரிசை சரி, காலுக்கு இன்னொரு வரிசை சரி. பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் அரை நொடிக்குள் மிதிக்க வேண்டிய பெடல் பின்வரிசையில் இருந்தால் பக்கத்துப் பெடலின் குமிழில்தான் செருப்பு படும். மின்வழியில் அடுத்தடுத்து இருப்பவை போர்டிலும் அடுத்தடுத்து உட்கார வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு கேபிள் நீளமாகும், அவ்வளவுதான். மின்கம்பிகளை ஒரு பக்கமாகவும் ஒலிக்கம்பிகளை மறுபக்கமாகவும் ஓட்டி, குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட்டால் போதும்.

நீளத்துக்கும் விலை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கிடார் கேபிள் ஒவ்வொரு மீட்டரும் ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட் மின்கொள்ளளவைச் சேர்க்கிறது. எல்லாமே ட்ரூ பைபாஸ் பெடல்களாக (அணைத்திருக்கும்போது சிக்னலை அப்படியே கடத்துபவை) இருந்தால் கிடார் முதல் டிஐ வரை மொத்த நீளமும் பிக்கப் தலையில்தான், மேல்சுருதியின் பளபளப்பு மங்கும். முன்பகுதியில் பஃபர் (அந்தச் சுமையைப் பிக்கப்பிடமிருந்து தான் வாங்கிக்கொள்ளும் சுற்று) உள்ள பெடல் ஒன்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. என் ட்யூனர் பாஸ் (Boss) நிறுவனத்துடையது, பஃபர் அதிலேயே இருக்கிறது. தம்பியிடம் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்குவது) ஒன்று உண்டு. அதை மட்டும் பஃபருக்கு முன்னால் வைக்கட்டும். பின்னால் வைத்தால் வால்யூமைக் குறைக்கும்போது வரும் அந்த இனிய தெளிவு போய்விடும்.

இனி கிட். பெயர் வேண்டாம், இந்த வகையில் எல்லாமே ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு சுருள் மெல்லிய கேபிள், ஒரு பை நிறைய தட்டையான பிளக்குகள், சின்னத் திருப்புளி. தேவையான நீளத்துக்கு வெட்டி, பிளக்குக்குள் நுழைத்து, திருகை முறுக்கினால் முடிந்தது. திருகின் கூர்முனை மேலுறையைக் குத்திக்கொண்டு போய் உள்ளே உள்ள செப்புப் பின்னலைத் தொடும், உள்ளிருக்கும் ஊசி நடுக்கம்பியில் ஏறும். முதல் நாள் ஒன்றரை மணி நேரத்தில் 7 கேபிள்களும் தயாராகிவிட்டன. ஒரு விரல் அளவுகூட மிச்சம் தொங்காமல் பெடலுக்குப் பெடல் அளந்து வெட்டிய கேபிள்கள், போர்டு பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது. ஒலியிலும் குறை இல்லை. முதல் ஒன்பது மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

பத்தாவது மாதம் ஓவர்டிரைவை மிதித்தபோது ஒரு 'கரக்' கேட்டது. திருகை முறுக்கினேன், சரியாயிற்று. பிறகு வேறொரு பிளக். அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் 14 திருகுகளையும் வரிசையாக முறுக்குவது வழக்கமாகிவிட்டது. கேபிளின் பிளாஸ்டிக் உறை, திருகு கொடுக்கும் அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. இறுக்க இறுக்க இன்னும் பள்ளம் விழுகிறது. மேலே காலால் மிதிக்கிற அதிர்வு வேறு.

எரிச்சலின் உச்சம், குறை பிடிபடாததுதான். வீட்டில் மல்டிமீட்டரை வைத்தால் ஒவ்வொரு கேபிளும் 'பீப்' என்று ஒழுங்காகக் கத்தும். ஆட்டிப் பார்த்தாலும் கத்தும். மேடையில் மட்டும் விடும். முழுதாக அறுந்துபோன கேபிளை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம், கிடாரை நடுப் பெடலில் செருகி முன்பாதியா பின்பாதியா என்று பிரித்துக்கொண்டே போனால் ஆயிற்று. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் கேபிளை என்ன செய்வது?

இந்தக் கொடையில் இரவு பதினொன்றரை மணி இருக்கும். எண்பதுகளின் பாடல் ஒன்று, முகப்பிசையே கோரஸும் டிலேயும் போட்ட கிடாரில்தான் தொடங்கும். நான்கு பார் (தாளச் சுற்று) வாசித்துவிட்டு மற்றவர்களுக்குக் கை காட்ட வேண்டும். கையை வைத்தேன். ஒன்றும் வரவில்லை. பந்தலில் அத்தனை பேர் அமைதியாக இருக்கிறார்கள், பாடகர் திரும்பி என்னைப் பார்க்கிறார். கீபோர்டு வாசிப்பவர் புரிந்துகொண்டு அந்த நான்கு பாரையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். நான் போர்டைக் கழற்றிவிட்டுக் கிடாரை நேராக டிஐயில் செருகி, மொட்டை ஒலியில் மிச்சப் பாட்டை வாசித்தேன். குழுவில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

மறுநாள் அந்தப் பிளக்கை மேசை விளக்கின் கீழே திறந்தேன். முன்வரிசை இடக்கோடியிலிருந்து பின்வரிசை வலக்கோடிக்குப் போகும் மிக நீளமான கேபிள், டிஸ்டார்ஷனையும் கோரஸையும் இணைப்பது. திருகு குத்திய துளையைச் சுற்றிப் பின்னலின் செப்பு இழைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. எங்கள் ஊர் கடற்கரை, உப்புக் காற்று. திருகின் முனைக்கும் செம்புக்கும் நடுவே அந்தக் களிம்பு ஒரு திரைபோல நின்றிருக்கிறது. இன்னும் ஐந்து பிளக்குகளில் அதே பச்சை தொடங்கியிருந்தது.

நல்லதையும் மறைக்கக் கூடாது. ஒருமுறை நாகர்கோவிலில், மேடையேறப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ரிதம் கிடார் வாசிப்பவரின் கேபிள் அறுந்தது. சாலிடரிங் அயர்ன் கிடையாது, கடையும் கிடையாது. என் பையிலிருந்த கிட்டில் ஒரு கேபிள் வெட்டி ஐந்து நிமிடத்தில் கொடுத்தேன். அன்று அது இல்லாவிட்டால் அவர் வாசித்திருக்க முடியாது. பெடல்களை அடிக்கடி மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கிறவருக்கு இதைவிட வசதியான பொருள் வேறில்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில், போர்டை வீட்டைவிட்டு வெளியே எடுக்காதவரிடம் பல ஆண்டு நன்றாகவே உழைக்கும்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் தம்பிக்கு என் பதில் அதேதான், வாங்காதே. நியாயமாகத் தராசில் வைத்தால் நல்லதன் பக்கம் தாழலாம். அந்த நான்கு பாரை நான் தராசில் வைக்கத் தயாராக இல்லை.

இப்போது 14 பிளக்குகளையும் பற்றவைத்து மாட்டிவிட்டேன். இரண்டு மாலை ஆயிற்று. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சில கிடார் கேபிள்களில் செப்புப் பின்னலுக்கு அடியில் மெல்லிய கறுப்பு உறை ஒன்று இருக்கும். பார்க்க வெறும் பிளாஸ்டிக், ஆனால் மின்சாரம் கடத்தும். அதைப் பின்னுக்குத் தள்ளிச் சீவாமல் நடுக்கம்பியோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் ஒலி கசிந்து மங்கிவிடும், எங்கே தவறு என்றே தெரியாது. நடுக்கம்பியில் அயர்னை இரண்டு நொடிக்கு மேல் வைத்தாலும் உள்ளுறை உருகிக் கம்பி பின்னலைத் தொட்டுவிடும். முதல் பிளக்கில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று, வெட்டிப்போட்டு மறுபடி செய்தேன்.

தம்பி, பெடல் வாங்கும் பணத்தில் முதலில் பவர் சப்ளை வாங்கு. பிறகு தட்டைப் பிளக் 14, நல்ல கேபிள் மூன்று மீட்டர் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஈயமும் அயர்னும் என்னிடம் இருக்கின்றன.