மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கு எது: பழைய வார்ஃபரினா, புதிய ரிவராக்சபானா?

முப்பத்தைந்து வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வயதில் வந்த வாதக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. இப்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பதும் சேர்ந்துகொண்டது. இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அதைத் தடுக்க வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசிட்ரோம் (அசெனோகூமரால்) சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் டெஸ்ட் பார்க்க மாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார். "ரத்த டெஸ்ட்டே வேண்டாத மாத்திரை வந்திருக்காமே டாக்டர், அதை எழுதித் தரக் கூடாதா?" என்று கேட்கிறார். அவர் கேட்கும் ரிவராக்சபானின் விலையும் முன்பைவிட இறங்கிவிட்டது. மாற்றி எழுதிவிடலாம் என்றுதான் நமக்கும் தோன்றும். இவருக்கு மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரிவராக்சபான், டாபிகாட்ரான், அபிக்சபான் ஆகிய புதிய மருந்துகளுக்குப் பெயர் வாங்கித் தந்தவை 2009-இல் வந்த ரீ-லை, 2011-இல் வந்த ராக்கெட் ஏ.எஃப், அரிஸ்டாட்டில் ஆகிய ஆய்வுகள். குறிப்பிடத்தக்க மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களை அந்த மூன்றிலுமே சேர்க்கவில்லை. நம் வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் ஊகத்தின் பேரில் அவர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தோம்.

இந்தக் குறையைத் தீர்த்தது 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த 24 நாடுகளில் நடந்தது, இந்தியாவும் அதில் உண்டு. மொத்தம் 4,531 பேர். சராசரி வயது 50, நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெண்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மைட்ரல் வால்வின் பரப்பு 2 சதுர செ.மீ. அல்லது அதற்கும் கீழே. நாம் தினமும் பார்க்கும் அதே முகங்கள். ஒரு பாதிக்கு ரிவராக்சபான், மறுபாதிக்கு வார்ஃபரின் வகை மருந்து.

சுமார் மூன்று ஆண்டு கண்காணிப்பில் பக்கவாதம், உறுப்புகளில் ரத்தக்கட்டி அடைப்பு, மாரடைப்பு, இதய-ரத்தநாள மரணம் எல்லாம் சேர்ந்து ரிவராக்சபான் பக்கம் 560 பேருக்கு. வார்ஃபரின் பக்கம் 446 பேருக்கு. இறந்தவர்கள் அதே வரிசையில் 552, 442. பக்கவாதமும் ரிவராக்சபான் பக்கமே அதிகம். பெரிய ரத்தக்கசிவிலாவது புதிய மருந்து ஜெயித்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். புள்ளியியல்படி அங்கும் வேறுபாடு இல்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. மரண வித்தியாசத்தின் பெரும்பகுதி பக்கவாதத்தால் வந்ததல்ல. திடீர் இதய மரணமும் இதயச் செயலிழப்பு மரணமும்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இதயச் செயலிழப்பை எப்படித் தள்ளிப்போட்டது? மாதாமாதம் ஐ.என்.ஆருக்கு வந்ததால் மூச்சிரைப்பும் கால் வீக்கமும் முன்னதாகவே கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. நிரூபணம் இல்லை என்றாலும் எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

"நம் ஊரில் ஐ.என்.ஆர் சரியான அளவில் எங்கே நிற்கிறது?" என்ற எதிர்வாதம் நியாயமானதுதான். ஆனால் இன்விக்டஸிலும் தொடக்கத்தில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஐ.என்.ஆர் சரியான அளவில், அதாவது 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தது. பின்னாளில் 56 முதல் 65 சதவீதம் வரை ஏறியது. அந்த அரைகுறைக் கட்டுப்பாட்டிலேயே பழைய மருந்து முந்தியது.

நடைமுறைக்கு வருவோம். வேளை தவறினால் இரண்டு பக்கமும் ஆபத்துதான். ஆனால் ரிவராக்சபான் ஒருநாள் விட்டுப்போனாலே பாதுகாப்பு போய்விடும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. வார்ஃபரின் மெதுவாக இறங்கும், ஐ.என்.ஆரும் காட்டிக்கொடுக்கும். அசெனோகூமரால் சீக்கிரம் உடலைவிட்டு நீங்கும் மருந்து, ஐ.என்.ஆர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவருக்கு வார்ஃபரினுக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் இரண்டின் வேகமும் குறையும். வார்ஃபரினில் அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம், ரிஃபாம்பிசின் முடிந்ததும் மறக்காமல் குறைக்க வேண்டும். ரிவராக்சபானில் அதற்கு வழியில்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வாரம் எவ்வளவோ அதே அளவில் சாப்பிட்டால் போதும்.

குழந்தை வேண்டும் என்பவருக்காக மருந்தை மாற்றுவதும் தவறு. வார்ஃபரின் 6 முதல் 12 வாரம் வரை கருவைப் பாதிக்கும், உண்மைதான். ரிவராக்சபானும் கர்ப்பத்தில் கூடாது. கருவை எட்டாத ஹெப்பாரின் ஊசி பற்றி அவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

புதிய மருந்துக்கு இடமே இல்லையா? நிறைய உண்டு. ரத்த அழுத்தத்தாலோ முதுமையாலோ வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அதுதான் முதல் தேர்வு. திசு வால்வு வைத்தவர்களிடம் 2020-இல் வந்த ரிவர் ஆய்வில் ரிவராக்சபான் வார்ஃபரினுக்குச் சளைக்கவில்லை. உலோக வால்வுக்கு மட்டும் கூடவே கூடாது: டாபிகாட்ரானை வைத்து நடந்த ரீ-அலைன் ஆய்வும், அபிக்சபானை வைத்து நடந்த ப்ரோஆக்ட் எக்ஸ்.ஏ ஆய்வும் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. 2023 அமெரிக்க வழிகாட்டுதலும் 2024 ஐரோப்பிய வழிகாட்டுதலும் மிதமான, தீவிர மைட்ரல் சுருக்கத்துக்கு வார்ஃபரின் வகையைத்தான் சொல்கின்றன.

அப்புறம் அந்தப் பெண்ணின் பஸ் பயணம். அவர் கேட்டது நியாயமான கேள்வி, "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர் பார்க்கும் கருவி அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். வாதக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு பென்சத்தீன் பென்சிலின் ஊசியும் போட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே தேதி குறித்துக் கொடுங்கள். முதலில் ஐ.என்.ஆர் பார்த்து, அளவு சரியாக இருந்தால் அன்றே ஊசி.