மேற்கு பார்த்த வாசலுக்கு எந்த நிழல்?

தருமபுரிப் பக்கம் கிழக்கு பார்த்த வாசலுக்கு மதியத்துக்கு மேல் பந்தலே வேண்டாம், வீடே நிழல் கொடுத்துவிடும். மேற்கு பார்த்த வாசல்தான் பெரும்பாடு. அதிலும் கருங்கல் பலகை பதித்த தரை என்றால் மூன்று மணிக்கு வெறுங்கால் வைக்க முடியாது. பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சூடு திண்ணையை விடாது. கீற்று, தகரம், வலை, கொடி, மரம் என்று ஐந்து வழி இருக்கிறது. எதை எடுத்தாலும் முதலில் வெயிலின் சாய்வைப் பார்க்க வேண்டும்.

இந்த ஊர் 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். பந்தல் நிழல் அப்போது பந்தலுக்கு அடியிலேயே விழும். மூன்றேகால் மணிக்கு வெயில் ஏறக்குறைய 45 டிகிரி கோணத்துக்குச் சாய்ந்துவிடும். 10 அடி உயரப் பந்தலின் நிழல் 10 அடி கிழக்கே தள்ளிப் போயிருக்கும், நாலேகாலுக்கு 16 அடி. பந்தல் 10 அடி அகலம்தான் என்றால் அதன் கீழே போட்ட கட்டில் முழு வெயிலில் கிடக்கும். ‘பந்தல் போட்டும் சூடு குறையலையே’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மேற்கு ஓரத்தில் ஒரு தட்டியைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து 3 அடி காலியாக விடுங்கள். நாலேகாலுக்குக்கூட வெயில் 5 அடிக்கு மேல் உள்ளே வராது, காற்றும் தடைபடாது.

இருப்பதில் மோசமானது தகர ஷீட். மழைக்குச் சரி, ஆனால் ஷீட்டே கொதித்து, அந்த அனலைக் கீழே இறக்கும். 8 அடியில் போட்டால் தலைக்கு மேல் தோசைக்கல்லை வைத்தது போலத்தான். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் 11 அடிக்கு ஏற்றி, உயர்ந்த பக்கத்தைத் திறந்துவிட்டு, மேலே வெள்ளை பெயின்ட் அடியுங்கள்.

உட்கார்ந்து பார்த்தால் தென்னங்கீற்றுக்கு ஈடில்லை. ஓலைக்கு நடுவே காற்று நிற்பதால் மேல் சூடு கீழே இறங்காது. ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும், கரையான் ஏறும், தேள் அடையும். விறகடுப்புக்குப் பக்கத்தில் கூடவே கூடாது.

பச்சை வலை சீக்கிரம் வேலை முடிகிற வழி. ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் வலை போதும். வலை கிழிவது நடுவில் அல்ல, ஓரத்தில். கட்டுக்கம்பியை நேரே வலைக்குள் குத்தி முறுக்கினால், கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றில் அந்த ஓட்டைதான் முதலில் பிளக்கும். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, உள்ளே நைலான் கயிறு விட்டுத் தைத்து, அந்தக் கயிற்றைப் பந்தல்காலில் கட்டுங்கள்.

கொடிப்பந்தலுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு வசதி உண்டு: கல்லால் ஆன பந்தல்கால். மூங்கில், சவுக்கு போல அடி உளுக்காது, கரையான் தொடாது. 10 அடிக் கல்லை 2 அடி ஆழம் புதைத்து, 10 அடிக்கு ஒன்றாக நட்டு, மேலே கம்பியை ஒன்றரை அடிக் கட்டமாக இழுத்தால் போதும். மூலைக் கல்லுக்கு வெளிப்பக்கமாக இழுகம்பி கட்டாவிட்டால் கொடியின் பாரத்தில் கல் உள்ளே சாயும். பீர்க்கு, சுரை எல்லாம் நாலைந்து மாதத்தில் காய்ந்துவிடும். நிழலுக்கென்றால் கோவக்காய். நாலு கணு உள்ள தண்டை நட்டால் வருடக்கணக்கில் நிற்கும். மார்கழியில் கொடியை வெட்டிக் கவாத்து செய்தால் பங்குனிக்குள் மறுபடி மூடிக்கொள்ளும். இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் தகரம் போலக் கொதிக்காது. பாத்திரம் அலசிய தண்ணீரைத் திருப்பிவிட்டாலே பாதித் தேவை தீரும்.

நிரந்தரத் தீர்வு மரம்தான், அதிலும் புங்கன். மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, சித்திரை வெயில் உச்சத்துக்கு வரும்போது புதுத் தழையோடு நிற்கும். வேம்பும் அப்படியே, கொஞ்சம் நிதானமாக வளரும். முருங்கை நிழல் சல்லடை, கம்பளிப்புழு வேறு. கிருஷ்ணகிரிக்காரர்கள் மாமரம் வைக்கத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி சொரியும் பிசுபிசுப்பு தரையெல்லாம் ஒட்டி, அதன்மேல் கரும்பூசணம் படியும். உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மா வேண்டாம்.

மரத்தையும் கொடியையும் ஒன்றாகவே தொடங்குங்கள். இந்த வருடத்து வெயிலைப் பந்தல் பார்த்துக்கொள்ளும். மரத்துக்குச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி, மேற்கில், மூன்றடிக்கு மூன்றடி குழி. மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை கலந்து நிரப்பி, ஆவணி, புரட்டாசி மழையில் கன்றை வையுங்கள்.