எந்த வெள்ளை? பழைய சோனகத் தெருப் பெயின்ட் கடை ஒன்றைப் பற்றி

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. பழைய வீடு, சிவப்புச் சீமெந்துத் தரை. இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டதால் நேர் வெளிச்சம் முன் விறாந்தைக்கு மட்டும்தான். உள்ளே முழுக்க ஆஃப் வைட் அடிப்பதென்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எந்த ஆஃப் வைட் என்பதில்தான் இழுபறி.

பெயின்ட் வாங்கியது பழைய சோனகத் தெருவில். ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு, விலை கேட்டுக்கொண்டே நடக்கலாம். நான் சொல்லும் கடை சின்னது. வாசலில் குழாய்க் கட்டுகள், உள்ளே நிறம் கலக்கும் ஒரு மெஷின், அவ்வளவுதான். ஆனால் கவுன்டரில் நின்ற தம்பிக்குத் தொழில் தெரியும். நான் சுட்டிய மூன்று நிற அட்டைகளையும் வெறும் ஏ4 தாள் ஒன்றின் மேல் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். கையில் தனித்தனியாகப் பார்த்தபோது மூன்றும் ஒரே வெள்ளை. தாளின் மேல் வைத்ததும் ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ், ஒன்று சாம்பல் என்று அடிநிறம் வெளியே வந்துவிட்டது.

"அக்கா, வீட்டுத் தரை என்ன நிறம்? இரவில என்ன லைட் போடுறீங்க?"

இந்த இரண்டு கேள்வியையும் வேறு எந்தக் கடையிலும் என்னிடம் கேட்கவில்லை. சிவப்புச் சீமெந்து, ஹோலில் வெள்ளை டியூப் என்றேன்.

"அப்ப ரோஸ் சாய்ந்ததை நல்லா யோசிச்சு எடுங்க. தரையே சுவருக்கு ரோஸ் குடுக்கும்."

இருந்தாலும் மூன்றையும் ஒரு லீற்றர் டின்னில் கலந்து தந்தார். சின்ன அளவு என்று முகம் சுளிக்கவில்லை. வெள்ளை அடிப் பெயின்ட்டில் மஞ்சள், சிவப்பு, கறுப்புச் சாயங்களைச் சொட்டுச் சொட்டாக மெஷின் விடுகிறது. ஆஃப் வைட்டுக்கு விழும் சாயம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் சிறிது கூடினாலும் சுவரில் தெரியும்.

சுவரில் நேரே பூசிப் பார்க்க வேண்டாம் என்றதும் அவர்தான். எங்கள் பழைய சுவர் வெளிர் பச்சை. பச்சைக்கு நடுவே எந்த வெள்ளையைப் பூசினாலும் அது கொஞ்சம் சிவந்துதான் தெரியும். முழு பிரிஸ்டல் போட்டில் (தடித்த வெள்ளை அட்டை), ஓரம் வெள்ளையாக விட்டு, இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அறை அறையாக நகர்த்திப் பார்க்கச் சொன்னார். இமல்சன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்த பிறகு இன்னொரு நிறம்.

ரோஸ் முதலில் போனது. ஹோலில் தரையோடு சேர்த்து நிறுத்தியபோது அட்டையின் கீழ்ப்பாதி தோல் நிறமாக மாறியது. மேலே போகப் போக வெளுத்தது. ஒரே அட்டையில் இரண்டு பெயின்ட் அடித்தது போல இருந்தது.

சாம்பல் சாய்ந்ததுதான் கடையில் எல்லாவற்றையும் விட அழகு. ஆனால் பக்கத்துத் தொடர்மாடியின் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டுமே வரும் எங்கள் நடு அறையில், மழை மூட்டமான பகலில், அது மங்கிப் போனது. வெள்ளை டியூப்பின் கீழ் நீலம் தட்டியது. அதையே விறாந்தைக்குக் கொண்டுபோனால் கதையே வேறு: கடல் பக்கமிருந்து வரும் பின்னேர வெயிலில் கண் கூசாமல், அமைதியாக நின்றது.

மஞ்சள் சாய்ந்ததுக்குச் சிக்கல் இரவில். ஹோலில் இருந்த 6500 கெல்வின் (நீலம் சாய்ந்த வெள்ளை வெளிச்சம்) டியூப்பின் கீழ் லேசாகப் பச்சை அடித்தது. 3000 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த வெளிச்சம்) பல்பைப் போட்டதும் சரியாகிவிட்டது. நிறம் தேடுவதற்கு முன் பல்பைத் தீர்மானியுங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். இன்னொன்று: நிலையும் கூரையும் பளிச்சென்ற வெள்ளையாக இருந்ததால், அவற்றின் பக்கத்தில் இந்தச் சுவர் தேவைக்கு மேல் மஞ்சளாகத் தெரிந்தது. திரும்பிப் போய்ச் சொன்னதும் தம்பி அதே நிறத்தில் பாதிச் சாயம் மட்டும் விட்டுக் கலந்து தந்தார். உள் அறைகளுக்கு அதுதான். விறாந்தைக்குச் சாம்பல். எனக்குப் பூரண திருப்தி.

இணையத்தில் இதைப் பற்றி வாசிப்பவர்களுக்கு ஒன்று. வடக்குப் பார்த்த அறைக்கு எப்போதும் குளிர்ந்த, அதாவது நீலம் சாய்ந்த, வெளிச்சம் என்று எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. கொழும்பில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மதியச் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். அந்த விதியை நம்பி இங்கே நிறம் எடுக்க ஏலாது. அதைவிட அட்டையின் பின்னால் எல்ஆர்வி என்று எண் போட்டிருந்தால் பாருங்கள்: எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு, 0 கறுப்பு, 100 வெள்ளை. இருட்டு அறைக்குக் கூடிய எண்ணாக எடுங்கள்.

குறைகளும் உண்டு. கடைக்குள் இருப்பது வெள்ளை டியூப் மட்டும்; அட்டைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும், அங்கே லொறியும், மூட்டை ஏற்றி இறக்கும் நாட்டாமிகளின் வண்டியும் நிற்க விடாது. வாகனம் நிறுத்த இடமே இல்லை. கலவைக் கணக்கை டின் மூடியில் பேனையால் எழுதுகிறார்கள், ஒரு துளி பெயின்ட் வழிந்தால் அழிந்துவிடும். ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எழுதித் தருகிறார்கள். ஒரு அறைக்கு இரண்டு மூன்று டின் போகுமென்றால், எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே ரோலரை எடுக்கும்படி பெயின்ட் அடிக்கும் பாஸிடம் சொல்லிவிடுங்கள்.