சிங்கப்பூரில் டிக்கெட் இல்லாத இடங்கள்தான் எனக்குப் பிடித்தன

சிங்கப்பூர் போக நினைக்கும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" என்றுதான். விமானம், விசா, அறை இந்த மூன்றையும் தவிர்க்க முடியாது. அதற்கு மேல் ஆகும் செலவு நம் கையில்தான் இருக்கிறது. அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தவை பெரும்பாலும் காசு கேட்காத இடங்கள்.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் விவசாயி. மனைவிக்கு மூட்டுவலி உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் இருப்பதால் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் பாதி வேலை முடிந்தது. பறப்பது நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். அதற்கும் பணம் வாங்கும் தளங்கள் உலவுகின்றன, அரசு தளத்துக்கே போங்கள். வீட்டு மசாலாப் பொடி கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: கசகசா அங்கே தடை. சூயிங்கம், வாயில் போடும் புகையிலை இரண்டும் கூடாது.

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லிட்டில் இந்தியா பக்கம் குறைந்த விலையில் அறை எடுத்தோம். பெயர் வேண்டாம். சுத்தமாக இருந்தது, ஆனால் சன்னலே கிடையாது. தோட்டத்துக் காற்றில் பழகிய எங்களுக்கு அது மூச்சு முட்டியது. முன்பதிவு செய்யும்போதே 'சன்னல் உண்டா' என்று பார்த்துவிடுங்கள்.

ஊர் சுற்ற டாக்சி தேவைப்படவில்லை. 1987 முதல் ஓடும் எம்.ஆர்.டி. ரயிலும் பேருந்தும் போதும். நம்ம வங்கியின் விசா, மாஸ்டர் கார்டையே வாசலில் தொட்டுவிட்டுப் போகலாம். அந்த அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும், நாளொன்றுக்குச் சிறிய கட்டணமும் பிடிப்பார்கள். பேருந்தில் ஏறும்போது தொடுவதோடு முடியாது, இறங்கும்போதும் தொட வேண்டும். எந்த ரயில் நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது, தமிழில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அறிவிப்பும் தமிழில் வருகிறது. யாரையும் வழி கேட்காமல் என் மனைவி முன்னால் நடந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு குறை உண்டு. ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் சில நிலையங்களில் நடை நீளம். கால்வலிக்காரர்கள் நேர வழிப் பேருந்து இருந்தால் அதையே பிடியுங்கள்.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையைப் பார்த்தோம். 8.6 மீட்டர் உயரம். 133 அடி வள்ளுவரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது சின்னதுதான், ஆனால் அங்கிருந்து வளைகுடாவைச் சுற்றி நடப்பது நன்றாக இருக்கிறது. மரினா பே சாண்ட்ஸ் என்ற ஓட்டலின் மேல்மாடிக்குப் போக ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், நாங்கள் போகவில்லை. அதற்குப் பதில் பக்கத்திலிருக்கும் கார்டன்ஸ் பை த பே பூங்காவில் மாலை 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சிக்குப் போங்கள். 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் இரும்பு மரங்கள் பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும். தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தோம். டிக்கெட் கிடையாது.

அப்புறம் நான் போனதற்கே காரணமான இடம், பொட்டானிக் கார்டன்ஸ். 1859இல் தொடங்கிய தோட்டம், 2015 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அதிகாலை 5 மணிக்குத் திறக்கிறது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். பிரேசிலில் எடுத்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அதில் 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் இந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி அந்த மரத்தை விடாமல் ஆராய்ந்தார். பால் எடுக்க மரத்தைக் கண்டபடி கொத்திக் காயப்படுத்திய காலம் அது. பட்டையை மெல்லிசாகச் சீவி, மறுமுறை அதே வெட்டை மறுபடி திறந்தால் மரமும் சாகாது, பாலும் கூடும் என்று காட்டியவர் அவர். காப்பித் தோட்டக்காரர்களின் சட்டைப் பையில் ரப்பர் விதையைத் திணிப்பாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே அவருக்குப் பெயர். எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956ஆம் ஆண்டில்தான், நூறு வயதில், அவர் இறந்தார்.

நான் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரித்துச் சீவுகிற அந்த ஒற்றைக் கோட்டுக்குப் பின்னால் இந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது. சிரட்டையில் சொட்டும் பாலும், என் மனைவி அடிக்கிற ரப்பர் ஷீட்டும், பிள்ளைகளின் படிப்பும் அதிலிருந்து வந்தவை. ரப்பர் மரத்தடியில் நின்றபோது அவள், "நம்ம மரந்தானே இது, இதப் பாக்கதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். நான் ரிட்லியின் கதையைச் சொன்னேன். அப்புறம் ஹோல்டம் ஹால் என்ற பழைய கட்டடத்தில் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்துக்குப் போனோம், அதுவும் இலவசம். அங்கிருந்து அவளைக் கிளப்பத்தான் நேரமாகிவிட்டது. ரப்பர் வைத்திருக்கும் யாரும் சிங்கப்பூர் போய் இந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

சாப்பாட்டுக்கு டெக்கா சென்டர் போன்ற உணவங்காடிகள் போதும். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும், அது அங்கே சட்டம். பெயர்பெற்ற மீன்தலைக் கறியைச் சாப்பிட்டோம். வெண்டைக்காய், கத்திரிக்காய் போட்டு நல்ல காரமும் புளிப்புமாக இருந்தது. நாங்கள் சாப்பிட்ட கடையில் நம்ம குழம்பின் அரைத்த தேங்காய்க் கனம் இல்லை, என்றாலும் மீன் புதுசு. உட்கார்ந்து சாப்பிடும் பெரிய உணவகங்களில் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் சேரும், விலைப்பட்டியலைப் பார்த்து உட்காருங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஒரு பாட்டில் கையில் இருந்தால் தண்ணீர்ச் செலவே இல்லை.

எப்போது போகலாம் என்றால், ரப்பர் மரம் இலை உதிர்ந்து நாம் பால் வெட்டுவதை நிறுத்தும் பிப்ரவரி, மார்ச் சரியான நேரம். வேலை கெடாது, அங்கேயும் பிப்ரவரியில் மழை குறைவு. சீனப் புத்தாண்டு விடுமுறை எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும்.