எண்ணெய் வடியும் தலைமுடி: மாதக்கணக்கில் பயன்படுத்தினால் எது பலன் தருகிறது, எது தருவதில்லை

காலையில் தலைக்குக் குளித்தால் சாயங்காலத்துக்குள் வகிட்டோரம் பளபளக்கிறது, மறுநாள் முன்நெற்றி முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லும் கருத்து இங்கே உதவாது. பெரும்பாலான ஷாம்புகள் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது மாதத்திலும் அப்படியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிடலாம். "அடிக்கடி குளித்தால் தலை இன்னும் அதிகமாக எண்ணெய் விடும், இடைவெளி விட்டுப் பழக்கினால் குறைந்துவிடும்" என்பார்கள். முடிவேரை ஒட்டியுள்ள சுரப்பிகள்தான் இந்த எண்ணெயைச் சுரக்கின்றன. அவற்றை இயக்குபவை முக்கியமாக ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். நீங்கள் நேற்று குளித்தீர்களா இல்லையா என்பதைப் பார்த்து அவை வேலை செய்வதில்லை. குளிக்காமல் விட்டால் சேர்வது எண்ணெயும் அழுக்கும்தான். ஆகவே சுரப்பை வீட்டில் குறைக்கப் பார்ப்பது வீண். சேர்ந்ததை ஒழுங்காக எடுப்பதும், மேலே வேறு எதையும் பூசாமல் இருப்பதும்தான் நம் கையில் இருக்கிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிக்கலாம்? நேரான, மெல்லிய முடியில் எண்ணெய் சரசரவென்று கீழே இறங்கிவிடும். அவர்கள் தினமும் ஷாம்பு போட்டாலும் தவறில்லை. சுருட்டை முடியில் அதே அளவு எண்ணெய் இறங்க நாளாகும். இரண்டு மூன்று நாள் தாங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு மெல்லிய டிஷ்யூவை உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் பத்து நொடி அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் திட்டு தெரிந்தால் அன்று குளிக்க வேண்டிய நாள்.

ஷாம்புவை மாற்றுவதைவிடக் குளிக்கும் முறையை மாற்றுவதில்தான் அதிகப் பலன் கிடைக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் முழுக்க நனையுங்கள். மேல்முடி நனைந்தும் அடியில் தோல் காய்ந்தே இருப்பதுதான் பலரிடம் நடக்கிறது. தோள்வரை நீளும் முடிக்கு மொத்தம் 10 மில்லி ஷாம்பு, அதாவது இரண்டு டீஸ்பூன் போதும். அதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் 5 மில்லியை உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, நெற்றியோரம், உச்சி, காதுக்குப் பின்புறம், பிடரி என்று நான்கு இடத்தில் வையுங்கள். நகம் படாமல் விரல்நுனியால் தேயுங்கள். இந்தச் சுற்றில் நுரை சரியாக வராது, வந்தாலும் உடனே அமுங்கிவிடும். எண்ணெய் நுரையை உடைப்பதுதான் காரணம். நுரை வரவில்லையே என்று அப்போதே இன்னும் ஷாம்புவைக் கொட்ட வேண்டாம். அலசிவிட்டு அடுத்த 5 மில்லியைப் போட்டால், அதே அளவு ஷாம்புவிலேயே இந்த முறை நுரை நன்றாகப் பொங்கும். இரண்டாவது சுற்றை இரண்டு நிமிடம் தேய்த்து, அதற்குக் குறையாத நேரம் அலசுங்கள். குளித்த அன்றே பிடரியில் மட்டும் பிசுபிசுப்பு இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெய் அல்ல, அங்கே சரியாக அலசப்படாத ஷாம்பு.

கண்டிஷனரை அடியோடு நிறுத்துவது பலர் செய்யும் பிழை. தலை எண்ணெய் விட்டாலும் நுனி வறண்டுதான் இருக்கும். காதுக்குக் கீழே மட்டும் ஒரு டீஸ்பூன் தடவி, இரண்டு நிமிடத்தில் அலசினால் வேர்ப்பகுதி கனக்காது. ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்து வரும் வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அதிலுள்ள சிலிகோன் வேரிலும் படிகிறது. ஒரே ஷாம்பு சில வாரங்களில் "வேலை செய்யாமல் போவது" போலத் தோன்றுவதற்கும் இத்தகைய படிவு காரணமாகலாம். வாரம் ஒருமுறை கிளாரிஃபையிங் ஷாம்பு (படிவை நீக்கவென்றே வரும் வலுவான வகை) போட்டால் படிவு போய்விடும். அதைத் தினமும் போட்டால் முடி சொரசொரப்பாகி, சாயம் பூசியிருந்தால் அதுவும் வெளுக்கும்.

வினிகர் பற்றி: அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கலந்து கடைசியில் ஊற்றி அலசினால் முடி வழவழப்பாகும், கடினநீர் விட்ட படலம் ஓரளவு கழியும். எண்ணெயை அது எடுக்காது. நீர்க்காமல் ஊற்றினால் தோல் எரியும். சமையல் சோடாவை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முதல் தடவை தலை சுத்தமானதுபோல் இருக்கும். அதன் காரத்தன்மை முடியின் மேல்செதில்களைத் தூக்கிவிடுவதால் நாளாக ஆக முடி சிக்காகி உடைகிறது.

ட்ரை ஷாம்பு, அதாவது தண்ணீரில்லாமல் வேரில் போடும் பொடி அல்லது ஸ்ப்ரே, நல்ல கருவி, ஆனால் அது சுத்தம் செய்வதில்லை. எண்ணெயை உறிஞ்சி மறைக்கிறது. 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து வேரில் அடித்து, இரண்டு நிமிடம் விட்டு, பிறகு விரலால் உதறிச் சீவுங்கள். உடனே சீவினால் வெள்ளைத் திட்டு நிற்கும். பிசுபிசுத்த பிறகு அடிப்பதைவிட முந்தின இரவே அடித்துவிட்டுப் படுத்தால் காலையில் பலன் தெளிவாகத் தெரிகிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். வேரடியில் மாவுபோல் சேர்ந்து அரிக்கும். ஸ்ப்ரே வகை தீப்பற்றும், அடுப்பருகே வேண்டாம்.

எண்ணெயோடு மஞ்சள் நிறச் செதில்களும் அரிப்பும் இருந்தால் சாதாரண ஷாம்பு போதாது. 2 சதவீத கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கு எதிரான மருந்து) கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு, இரண்டிலிருந்து நான்கு வாரம் போடுவது வழக்கமான முறை. போட்ட கையோடு அலசிவிட்டு "பயனில்லை" என்பவர்கள் நிறைய. திடீரென எண்ணெய் கூடி, கூடவே மாதவிடாய் தவறுதலோ முகத்தில் முடி வளர்ச்சியோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது ஹார்மோன் விஷயமாக இருக்கலாம்.

கடைசியாக, சீப்பு. பல்லிடுக்கில் இருக்கும் சாம்பல்நிறப் பிசுக்கு பழைய எண்ணெயும் தோல்துகளும் கலந்தது. குளித்த தலையில் அதையே திரும்பப் பூசுகிறோம். வாரம் ஒருமுறை சிக்கிய முடியை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சில துளி ஷாம்பு விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பற்கள் கீழே பார்க்கும்படி காயவையுங்கள். குஷன் வைத்த பிரஷ்ஷை ஊறவைக்கக் கூடாது, உள்ளே நீர் தங்கிவிடும். அதன் முட்களை மட்டும் தேய்த்தால் போதும். தலையணை உறையையும் அதே நாளில் துவைக்கப் போட்டுவிடலாம்.